பாவம் பார்த்துப் பரிமாறாதீர்கள்



கல்யாணப் பந்தியில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன் ஒருவன் இலை முன்னால் உட்கார்ந்திருப்பான். ஜாங்கிரித் தட்டு வரும். பக்கத்து இலையிலிருந்து ஒரு பெரியம்மா, "பாவம், அவனுக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு? இன்னொண்ணு வைப்பா" என்பார். பையனின் அம்மா வேண்டாம் என்று ஜாடை காட்டுவார். அதைக் கவனித்தவர்கள்கூட, "ஒருநாள்தானே, விடும்மா" என்று முடித்துவிடுவார்கள்.

பந்தி என்னவோ ஒருநாள்தான். ஆனால் அந்த "பாவம்" தினமும் வருகிறது. ஆபீஸ் முடிந்து வரும் அப்பா வாங்கி வரும் பஜ்ஜிப் பொட்டலத்தில் வருகிறது. "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டு மிட்டாய் கொடுக்கும் மளிகைக் கடைக்காரரிடமிருந்து வருகிறது. பேரன் கேட்டான் என்பதற்காக இரவு பத்து மணிக்குப் பால் காய்ச்சி நாலு ஸ்பூன் சர்க்கரை போடும் பாட்டியிடமிருந்தும் வருகிறது. எல்லாம் அன்புதான், சந்தேகமே இல்லை. அந்த அன்பு இருபத்தைந்து வயதில் 85 கிலோவாக வந்து நிற்கும்போது, அதைச் சுமப்பவர் அந்தப் பெரியம்மாவோ கடைக்காரரோ அல்ல.

மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதால் மூன்றாம் மாதத்தின் 21ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2012 முதல் ஐ.நா. சபையும் இதைக் கடைப்பிடிக்கிறது. அந்த நாளையொட்டி நமக்கு வரும் கடிதங்களில் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேட்பார்கள், பள்ளிக்கூடம் பற்றிக் கேட்பார்கள். ஆனால் பிள்ளைக்குப் பதினைந்து வயது தாண்டிய வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது எடை. "எவ்வளவு குறைச்சுப் போட்டாலும் ஏறுதுங்க." "நாங்க சாப்பிடுறதுல பாதிகூட சாப்பிடுறதில்ல, ஆனா எங்களைவிடக் குண்டா இருக்கா." ஒரு தாய் எழுதியிருந்தார்: டாக்டரிடம் கேட்டதற்கு, "இந்தப் பிள்ளைங்க இப்படித்தாம்மா இருப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

பெரியம்மாவின் ஜாங்கிரியும் டாக்டரின் இந்தப் பதிலும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. இரண்டுமே அந்தப் பிள்ளையிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதவர்களின் பேச்சு. இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் அந்தத் தாய்மாருக்கு ஒரு ஆறுதல். நீங்கள் சொல்வது பொய்யில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு எடை சுலபமாக ஏறுகிறது என்பதற்கு உடலிலேயே காரணங்கள் இருக்கின்றன. பிறவியிலேயே தசைகளின் இறுக்கம் குறைவு. மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்வானவை. பாதம் பெரும்பாலும் தட்டை. இதனால் நடப்பதும் ஓடுவதும் மற்றவர்களுக்கு ஆவதைவிடக் கூடுதல் சிரமம், சீக்கிரம் களைப்பு. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் கலோரியும் இந்தக் குழந்தைகளுக்குச் சற்றுக் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. உயரமும் குறைவு. ஆகவே அதே வயது அண்ணனுக்கு வைக்கும் அதே அளவு சாதம் தம்பிக்கு அதிகம்தான்.

இதோடு இதயமும் சேர்ந்துகொள்கிறது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறைபாடு இருக்கிறது. பலருக்குச் சிறு வயதிலேயே அறுவை சிகிச்சை நடக்கிறது. அது நல்லபடியாக முடிந்து, "எல்லாம் சரியாயிடுச்சு, விளையாட விடுங்க" என்று இதய மருத்துவர் சொன்ன பிறகும் வீட்டில், "ஓடாதே, நெஞ்சு வலிக்கும்" என்பது நிற்பதில்லை. எட்டு மாதக் குழந்தையாக ஐ.சி.யூ.வில் பார்த்த கோலம் அம்மாவின் கண்ணை விட்டுப் போகாது. புரிகிறது. ஆனால் இருபது வயதுப் பையன் அந்தப் பயத்துக்காக இன்னும் சோபாவிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்றால், போய் அந்த மருத்துவரிடம் இன்னொரு முறை நேராகக் கேட்டுவிடுவது நல்லது. எது செய்யலாம், எது கூடாது என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் தைராய்டு சுரப்புக் குறைவு மிகச் சாதாரணம். குழந்தைப் பருவத்தில் ஆண்டுக்கொருமுறையும், 21 வயதுக்குப் பிறகு ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறையும் டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். பிறந்தபோது பார்த்தோம், நார்மல் என்றார்கள் என்பது போதாது. எந்த வயதிலும் அது வரலாம். மந்தம், மலச்சிக்கல், தோல் வறட்சி, எடை ஏற்றம் இவையெல்லாம் தைராய்டின் அறிகுறிகள். ஆனால் பார்க்கிறவர்கள் அத்தனையையும் "டவுன் சிண்ட்ரோம்தானே" என்று அதன் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். தைராய்டைக் கவனிக்காமல் பிள்ளையைப் பட்டினி போடுவது, ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் வண்டியைத் தள்ளுகிற மாதிரி. தினம் காலையில் வெறும் வயிற்றில் போடும் ஒரு சிறிய மாத்திரையோடு தீரக்கூடிய விஷயத்துக்கு, "வாயைக் கட்டு" என்று வருஷக்கணக்காகத் திட்டு வாங்கிய பிள்ளைகள் உண்டு.

அடுத்தது தூக்கம். இதை நம் வீடுகளில் யாரும் நோயாகவே நினைப்பதில்லை. "நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குவான்" என்று பெருமையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தூக்கத்தில் மூச்சுக்குழல் அடைபட்டு அடைபட்டுத் திறப்பது, ஸ்லீப் ஆப்னியா, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் காணப்படுகிறது. முக அமைப்பு சிறியது, நாக்குக்கு இடம் போதாது, தொண்டைத் தசை தளர்வு. எடை ஏறினால் இது மோசமாகும். இது மோசமானால் பகலில் அசதி, அசதியில் நடக்கத் தோன்றாது, தின்னத் தோன்றும். சாப்பாட்டு மேசையிலேயே தலை சாய்ந்து தூங்குகிற பிள்ளை சோம்பேறியல்ல. குறட்டை இருக்கிறதோ இல்லையோ, நான்கு வயதுக்குள் ஒருமுறை தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. நம் ஊரில் அந்த வசதி பெரிய நகரங்களில்தான் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் உட்கார்ந்தபடியோ, காலை மடக்கிக் குப்புற விழுந்தோ தூங்குகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட எந்த வசதியும் தேவையில்லை.

சரி, எதற்காக எடை குறைய வேண்டும்? "பார்க்க நல்லா இருக்கணும்" என்பதற்காக அல்ல. ரத்த அழுத்தத்துக்காகவும் அல்ல. ஆச்சரியமாக, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். சர்க்கரை நோய் ஒரு காரணம். உடல் பருமன் உள்ளவர்களுக்கு 21 வயதிலிருந்தே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை அதைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். மூட்டும் முதுகும் இன்னொரு காரணம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

குனிந்து தன் கால் நகத்தைத் தானே வெட்டிக்கொள்ள முடிய வேண்டும். கழிப்பறை போய்வந்து தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். டவுன் பஸ்ஸின் முதல் படியில் பிறர் தூக்கிவிடாமல் ஏற வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளைக்கு இவற்றைக் கற்றுக்கொடுக்க அம்மாக்கள் எத்தனை வருஷம் செலவழிக்கிறார்கள் என்பது அந்த வீடுகளுக்குத்தான் தெரியும். பொத்தான் போட ஒரு வருஷம், ஷூ மாட்ட ஒரு வருஷம். அப்படிக் கற்ற ஒவ்வொன்றையும் எடை பிடுங்கிக்கொண்டு போகிறது. ஒருநாள் குனிய முடியவில்லை என்று அம்மா செருப்பை மாட்டிவிடத் தொடங்குகிறார். பிறகு அதுவே வழக்கமாகிவிடுகிறது. "எங்களுக்கு அப்புறம் யாரு?" என்று இரவில் விழித்துக் கிடக்கும் பெற்றோர், அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பங்கு இந்த உடம்பிலும் இருக்கிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் தம்பியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு அக்காவுக்குத் துணிச்சல் வரும்.

இப்போது அடுக்களைக்கு வருவோம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு மெல்லுவது சிரமம். பல் தாமதமாக முளைக்கும், வரிசை சரியாக இருக்காது, தாடைத் தசையும் தளர்வு. அதனால் சின்ன வயதில் குழையக் குழையப் பிசைந்த பருப்பு சாதம், ரசம் சாதம், பாலில் ஊறிய பிஸ்கட் என்று பழக்குகிறோம். அப்போது அது சரி. ஆனால் பதினெட்டு வயதிலும் அதே கிண்ணம், அதே பிசைந்த சாதம், பல வீடுகளில் இன்னும் அம்மா கையால் ஊட்டல். குழைந்த சாதம் மெல்லாமல் இறங்கிவிடும். வயிறு நிறைந்தது என்று மூளைக்குத் தெரிவதற்குள் தட்டு காலி. ஊட்டிவிடும்போதோ, போதும் என்று தீர்மானிப்பவர் சாப்பிடுகிறவர் அல்ல, ஊட்டுகிறவர்.

ஆகவே நான் முதலில் மாற்றச் சொல்வது சாப்பாட்டின் அளவை அல்ல, பதத்தை. வேகவைத்த கொண்டைக்கடலை, பயறு, கேரட்டும் பீன்ஸும் கொஞ்சம் நறுக்கென்று இருக்கும்படி பொரியல், தோலோடு கொய்யாத் துண்டு என்று பல்லுக்கு வேலை கொடுக்கிற உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வாருங்கள். விழுங்குவதில் சிரமம், அடிக்கடி புரையேறுதல் இருந்தால் மட்டும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். மெல்லவும் விழுங்கவும் கற்றுக்கொடுப்பது அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. நார்ச்சத்து கூடினால் இந்தப் பிள்ளைகளைப் படுத்தும் மலச்சிக்கலும் குறையும். தண்ணீரையும் கூடவே கூட்ட வேண்டும், இல்லையென்றால் நார் இறுக்கிவிடும்.

இரண்டாவது, கணக்கில் வராத கலோரிகள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு இட்லியைக் குறைத்துவிட்டு, "பாதிகூட சாப்பிடுறதில்ல" என்கிறோம். ஒரு நாளைக்கு நாலு வேளை டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதிலேயே 160 கலோரி. கிரீம் பிஸ்கட் 100 கிராமில் ஏறத்தாழ 480 கலோரி. "சத்து பானம்" என்று டப்பாவில் விற்கும் மால்ட் பவுடரில் கணிசமான பங்கு சர்க்கரை. ஜூஸும் அப்படியே; சாத்துக்குடியைச் சுளையாகச் சாப்பிட்டால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம், பிழிந்தால் மூன்று தேவைப்படும். ஒரு வாரம், தட்டில் விழுவதை விட்டுவிட்டு, தட்டுக்கு வெளியே என்னென்ன உள்ளே போகிறது என்று மட்டும் எழுதிப் பாருங்கள். யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து வீட்டில் ஒரு சின்னச் சண்டை வரலாம். வரட்டும்.

"ராத்திரி சாதம் நிறுத்திட்டு சப்பாத்தி கொடுக்கிறோம்" என்று எழுதாதவர் இல்லை. எண்ணெய் விட்டுச் சுட்ட மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் ஒரு கப் சாதத்தைவிடக் குறைவு என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். சப்பாத்திக்கு மாறிய பிறகு வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு என்று ஏதாவது தெரிந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். சாதத்தைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தட்டில் பாதியைக் காயும் கீரையும் பிடித்துக்கொண்டு, கால் பகுதி சாதம், கால் பகுதி பருப்போ முட்டையோ மீனோ என்றால் போதும்.

ஒருவருக்கு மட்டும் டயட் என்பது கொடுமை. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை பூரி தின்ன, அவனுக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி வைத்தால் அவன் திருடித்தான் தின்பான். யாராக இருந்தாலும் தின்போம். பிரிட்ஜுக்குப் பூட்டு, பிஸ்கட் டின் பரண்மேல், தலையணைக்கு அடியில் சிப்ஸ் கவர், கண்டுபிடித்ததும் அடி என்று போகும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் எடையும் குறைவதில்லை, அவர்கள் ஒளித்துவைப்பதில் கெட்டிக்காரர்கள் ஆகிறார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குள் வராத முறுக்குப் பாக்கெட்டுக்குப் பூட்டு வேண்டாம். அப்பாவின் தொப்பைக்கும் அது நல்லதுதானே!

தேர்வு அவர்களிடம் இருக்கட்டும். "என்ன வேணும்?" என்று கேட்டால் பதில் பரோட்டாதான். "கொய்யாவா, பப்பாளியா?" என்று கேட்டால் இரண்டில் எதைச் சொன்னாலும் நமக்கு லாபம், முடிவெடுத்தவர் அவர். காய் நறுக்கத் தெரிந்தவருக்குக் காய், அரிசி களையத் தெரிந்தவருக்கு அரிசி. தான் அரைத்த புதினாச் சட்னியை வேண்டாம் என்று ஒதுக்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்கென்றே ஒரு மையம் 1992இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் டாக்டர் பிரையன் சிக்கோயினும் உளவியலாளர் டெனிஸ் மெக்வயரும். பல்லாயிரம் பேரைப் பார்த்த அனுபவத்தில் அவர்கள் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் வழக்கப்பற்று பற்றிய கருத்து. காலையில் எழுந்ததும் இன்ன வரிசை, இன்ன டம்ளர், இன்ன நாற்காலி. மாறினால் கோபம். இதை நாம் "பிடிவாதம்" என்கிறோம். அவர்களோ இதைப் பெரும் பலமாகவே பார்க்கிறார்கள். நான் சொல்வேன், எடை விஷயத்தில் இந்தப் பிடிவாதம் நமக்குக் கிடைத்த வரம். உங்களையும் என்னையும் போல ஜனவரி 1ஆம் தேதி தொடங்கி 9ஆம் தேதி நிறுத்துகிற ஆட்கள் அல்ல இவர்கள். மாலை ஐந்து மணிக்கு நடை என்பது ஒருமுறை வரிசையில் ஏறிவிட்டால், மழை வந்தால்கூடச் செருப்போடு வாசலில் நிற்பார்கள்.

அந்த வரிசையில் ஏற்றுவதற்குப் பேச்சு உதவாது, படம் உதவும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது நன்றாக நிற்கும். பல் தேய்ப்பது, குளிப்பது, டிபன், நடை, டி.வி. என்று அவர்களுடைய போட்டோவையே எடுத்து வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். முடிந்ததை அவர்களே டிக் அடிக்கட்டும். நிரம்பிய தட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு போட்டோ, சாப்பிடும் இடத்துக்கு மேலே. "போதும், போதும்" என்று நாம் கத்துவதைவிட அந்தப் போட்டோவுக்கு மரியாதை அதிகம். ஆனால் சாப்பிடப் பழக்கியதும் இதே வழக்கம்தான் என்பதை மறக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை டியூஷன் முடிந்ததும் பப்ஸ் என்று இரண்டு முறை வாங்கிக்கொடுத்தால், மூன்றாவது வெள்ளியும் பப்ஸ்தான்.

நடைக்கும் சில முன்னேற்பாடுகள். தட்டைப் பாதத்துக்கு ஹவாய் செருப்பு ஆகாது. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ வேண்டும், லேஸ் கட்டத் தெரியாதென்றால் ஒட்டும் பட்டை வைத்தது. கழுத்தைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு சிலருக்குத் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தண்ணீரில் தலைகுப்புறக் குதிப்பது, டிராம்போலின் போன்றவற்றை டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. கழுத்து வலி, தலை ஒரு பக்கம் சாய்வது, நடை திடீரென்று மாறுவது, கை கால் பலவீனம், புதிதாகப் படுக்கை நனைப்பது இவற்றில் எது தெரிந்தாலும் உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனை.

ஜிம்முக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 220இலிருந்து வயதைக் கழித்து, இதயத் துடிப்பு இவ்வளவு வரை ஏற வேண்டும் என்று கணக்குப் போடும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உச்சத் துடிப்பு, இதயத்தில் குறையே இல்லாவிட்டாலும், அந்தக் கணக்கைவிட 25, 30 குறைவாகவே நிற்கும். மெஷின் சொல்லும் எண்ணுக்காக விரட்டினால் மூச்சு முட்டி அடுத்த நாள் வர மாட்டார்கள். நடந்துகொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவு போதும். தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் கட்டாயம் வேண்டும். தளர்ந்த தசைக்கு நடையைவிட அது முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது இவற்றை வீட்டுக் கூடத்திலேயே செய்யலாம்.

பயிற்சி என்றால் ஓடி ஒளிகிறவர்கள்கூட, பாட்டு போட்டால் ஆடுவார்கள். இருபது நிமிடம் குத்துப் பாட்டுக்கு ஆடினால் சட்டை நனைந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல்முறையாக மாற்றுத்திறனாளிகளையும் தனியாகச் சேர்த்தது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. அதில் பாதியைச் சினிமாப் பாட்டே பார்த்துக்கொள்ளும்.

பூங்காவில் நடக்கும்போது வெறித்துப் பார்ப்பார்கள். "இவனுக்கு என்னம்மா?" என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்பார்கள். நிறைய அம்மாக்கள் நடையை நிறுத்துவது முட்டிவலியால் அல்ல, இந்தக் கேள்வியால். பூங்காவில் நடக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்தப் பையனைப் பார்த்தால் அவன் அம்மாவிடம் விசாரிக்காதீர்கள். அவனுக்கே ஒரு வணக்கம் சொல்லிவிட்டு ஒரு சுற்று கூட நடங்கள்.

கிறிஸ் நிகிக் பற்றிச் சொல்லாமல் முடித்தால் கோபித்துக்கொள்ளும் வாசகர்கள் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடாவைச் சேர்ந்தவர். ஐந்து மாதக் குழந்தையாக இதய அறுவை சிகிச்சை, நடக்கத் தொடங்கியது நான்கு வயதில். இவர் 2020 நவம்பர் 7 அன்று பனாமா சிட்டி பீச் நகரில் நடந்த ‘அயர்ன்மேன்’ போட்டியை முடித்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மராத்தான் ஓட்டம். 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது 16 மணி 46 நிமிடம் 9 நொடி. வழியில் சைக்கிளிலிருந்து விழுந்தார், எறும்புகள் கடித்துக் கால் வீங்கியது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் அந்தப் போட்டியை முடித்தது உலகில் அதுவே முதல்முறை. அப்போது அவருக்கு வயது 21.

இந்தச் செய்தியைப் பகிர்ந்துவிட்டு, "பார், அவனால முடியுது, உன்னால முடியாதா?" என்று பிள்ளையிடம் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்களும் நானும்கூட அயர்ன்மேனை முடிக்கப் போவதில்லை. எனக்கு அந்தக் கதையில் பிடித்தவை வேறு இரண்டு. ஒன்று, அவருடைய அப்பா வகுத்த வழி: நேற்றைவிட இன்று ஒரு சதவீதம். ஒரு புஷ்-அப்பில் தொடங்கி, நாளுக்கு ஒன்றாகக் கூட்டுவது. இன்னொன்று, அந்த இளைஞருக்கென்று இருந்த ஆசைகள். சொந்தமாக ஒரு வீடு, ஒரு கார், தன் அம்மாவைப் போல அழகான ஒரு பெண்ணோடு கல்யாணம். இதையெல்லாம் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அப்பா சிரித்து ஒதுக்கவில்லை, அவற்றைச் சுவரில் எழுதிவைக்கிற இலக்குகளாகவே எடுத்துக்கொண்டார். போட்டி நாளில் நீச்சலிலும் ஓட்டத்திலும் டேன் கிரீப் என்ற நண்பர் ஒரு கயிற்றால் தன்னோடு இணைத்துக்கொண்டு கூடவே வந்தார். கூட வர ஒரு ஆள் வேண்டும். எந்த ஊரிலும் அப்படித்தான்.

உங்கள் மகளுக்கு என்ன ஆசை என்று கேட்டிருக்கிறீர்களா? சித்தி பெண் கல்யாணத்தில் பட்டுப் பாவாடை ஜாக்கெட் போட்டுக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும் என்று இருக்கலாம். கடற்கரையில் தோழிகளோடு ஓட வேண்டும் என்று இருக்கலாம். டாக்டரின் சார்ட்டில் உள்ள எண்ணுக்காக யாரும் ஜாங்கிரியை வேண்டாம் என்று சொன்னதில்லை. மேடைக்காகச் சொல்வார்கள்.

1983இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டு. இன்று ஏறத்தாழ 60. நம் ஊரிலும் தலை நரைத்த பிள்ளைகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் எண்பது வயது அம்மாக்களையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். நாற்பதைத் தாண்டினால் இவர்களுக்கு அல்சைமர் மறதி நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம்; அதற்குக் காரணமான மரபணுக்களில் ஒன்று அந்த 21ஆவது குரோமோசோமிலேயே இருக்கிறது. எடை தானாகக் குறையத் தொடங்கினால் அது இந்த நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம், சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். முயற்சி இல்லாமல் எடை இறங்குவதும், மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போவதும் இரண்டுமே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திகள். மனச்சோர்வு அவற்றின் பின்னால் இருக்கலாம். "எப்பவும் சிரிச்ச முகமா இருப்பாங்க" என்று நாம் சொல்லிவைத்திருப்பதால், அண்ணன் வெளியூர் போன பிறகு அந்த முகத்தில் சிரிப்பு இல்லை என்பது நமக்குத் தெரிவதில்லை.

எடை குறைக்கும் ஊசி பற்றிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அந்த மருந்துகளுக்கான பெரிய பரிசோதனைகள் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களை மனதில் வைத்து நடத்தப்பட்டவை அல்ல. வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் பிள்ளையின் தைராய்டு, வயிறு, இதயம் எல்லாவற்றையும் அறிந்த ஒரு மருத்துவரின் முடிவு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சமாச்சாரம் அல்ல.

மருத்துவச் செலவுக்குத் தயங்குகிறவர்கள், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால், மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருபவை அவை. டவுன் சிண்ட்ரோம் அந்தத் திட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் என்று ஒரே கூரையின் கீழ் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த இதழில் இந்த வீடுகளின் சமையலுக்காக இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். மெல்லத் தெரியாத பிள்ளைக்கு மெல்லப் பழக்கிய பண்டம், சர்க்கரை குறைத்தும் பாட்டிக்குத் தெரியாமல் போன பாயசம், ஸ்கூல் டிபன் பாக்ஸில் திரும்பி வராத காய் என்று உங்களிடம் இருக்கும். எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அம்மாவோ அப்பாவோ மட்டும் எழுதினால் போதாது. பிள்ளை என்ன சொன்னார் என்பதும் வேண்டும். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பட்டும், படம் வரைகிறவர்கள் வரைந்து அனுப்பட்டும். பிடிக்கவில்லை என்று சொன்னாலும் அப்படியே போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்